கோடு ஏறிய மாலை

ஏழு மணிப் பேச்சுக்கு ஆறு ஐம்பதுக்கே வந்துவிட்டோம் என்ற பெருமையோடுதான் பாலேந்திரா மண்டபத்துக்குள் நுழைந்தார். உள்ளே பார்த்தால் பின்வரிசையில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை.

டெனிஷ்காரர் ஆறரைக்கே வந்து, மழைஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரை முதுகில் கொழுவி, பின்னாலிருந்து முன்னாலாக ஒழுங்காக நிரம்பியிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் டென்மார்க்கில் இருந்தும், தமிழ் விழாக்களுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போய்ப் பழகிய உடம்புக்கு இது இன்னும் பிடிபடவில்லை. வெறுமையாகக் கிடந்தது முன்வரிசை மட்டும்.

முன்வரிசையில் இருக்க முடியாது. அவர் வந்த காரியம் அப்படி.

பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒருதரம் கதவைத் திறந்து ஊர்ச்சனத்தை உள்ளே விடும் மாலை அது. அறைக்கு ஒரு பேச்சு. ஒன்றில் கடல்பாசி, இன்னொன்றில் நூறு வருடத்துப் பழைய கடிதங்கள். கீழே நடைபாதையில் பிள்ளைகளுக்குப் பச்சைப் பசை கிண்டிக் காட்டினார்கள். எல்லாருக்கும் கோப்பியும் கறுவாப் பணிசும் இலவசம். பாலேந்திரா இவற்றில் ஒன்றுக்காகவும் தான் இருக்கும் கிரின்ஸ்டெட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மழையில் கார் ஓட்டி வரவில்லை. இரண்டாம் மாடியில் பேசப்போகும் நிரோஜன் என்ற பொடியனை அவர் பார்க்க வேண்டும். அவன் தன்னைக் காணாமல் பார்க்க வேண்டும்.

தகவல் தந்தவர் பழைய சிநேகிதர் மகேந்திரராசா. நல்ல குடும்பம், படித்த பொடியன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை, மகள் சாரங்கிக்குப் பொருத்தமாக இருக்கும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். எதற்கும் ஆளை ஒருதரம் நேரில் பாருங்கோ என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்தான் பாலேந்திராவை நித்திரை கொள்ள விடவில்லை.

ஏனென்றால் போன வருடம் ஒன்று நடந்திருந்தது. வைலேயில் கண்ணாடிக்கடைப் பொடியன் ஒருவனைப் பற்றித் தகவல் வந்தபோது, பாலேந்திரா மூன்று தடவை போய்க் கண்ணைப் பரிசோதிப்பித்து, நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த கண்ணுக்கு இரண்டு கண்ணாடி வாங்கி வந்தார். மூன்றாம் தடவை, சுவரில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னபோது, "தம்பிக்குச் சொந்த வீடோ?" என்று கேட்டும் விட்டார். விசயம் சாரங்கிக்குப் போய்விட்டது.

சாரங்கி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"அப்பா, இன்னொருக்கா இப்பிடி ஒளிச்சுப் போய் ஆரையும் பாத்தீங்களெண்டு எனக்குத் தெரிய வந்தால், என்ரை கலியாணத்தைப் பற்றி உங்களோடை ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். செய்துபோட்டு மெசேஜ் அனுப்புவன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ஒரே பிள்ளையின் கலியாணச் செய்தியைக் கைத்தொலைபேசியில் வாசிக்கிற தகப்பனாகத் தன்னை நினைத்துப் பார்க்கவே பாலேந்திராவால் முடியவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் ஒரு தகப்பன் எப்படி இருக்கிறது? மனிசி யோகம்மாவிடம் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார்.

இப்போது பின்வரிசை இல்லை. சரி, தூணுக்குப் பின்னால் நிற்போம் என்று ஒதுங்கினார்.

நின்று ஒரு நிமிடம் ஆகவில்லை, கறுப்புச் சேட்டும் காதில் ஒலிவாங்கிக் கம்பியுமாக ஒருவர் வந்து முன்னால் நின்றார். மண்டபத்து ஒலி ஒளி எல்லாம் அவர் பொறுப்பு. நெஞ்சில் குருசுமுத்து என்று பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயது மதிக்கலாம்.

"அண்ணை தமிழோ?"

தமிழ் ஆள் ஒருவர் கண்டால் விசயம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் கிரின்ஸ்டெட் போய்விடும். பாலேந்திரா டெனிஷில், தான் மொரீசியஸ்காரன் என்று சொன்னார்.

குருசுமுத்து தலையாட்டினார். தீயணைப்புச் சட்டப்படி ஆரும் நிற்க ஏலாது என்று டெனிஷில் விளக்கினார். பிறகு தமிழில், "வாங்கோ மொரீசியஸ் அண்ணை, முன்னுக்கு நல்ல இடம் இருக்கு" என்று முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்வரிசையின் நட்டநடுக் கதிரையில் இருத்திவிட்டுப் போனார்.

பாலேந்திரா தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டார். நிகழ்ச்சித் தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். பிறகு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்த கிழவி, நல்ல மனம், தாளைப் பிடுங்கி நேராகத் திருப்பிக் கையில் தந்தாள்.

சரியாக ஏழு மணிக்கு நிரோஜன் மேடைக்கு வந்தான். தாளின் ஓரத்தால் பாலேந்திரா பார்த்தார். உயரம் போதும், பத்து மார்க். தலைமயிரைப் பின்னால் சின்னக் கொண்டையாகக் கட்டியிருந்தான், ஐந்து குறைத்தார். குரல் நல்ல குரல், நிதானம், ஐந்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சின் தலைப்புத் திரையில் விழுந்தது. பொய் சொல்லும்போது உடம்பு என்ன செய்கிறது.

வாயைப் பழக்கலாம், விரலைப் பழக்க முடியாது என்றான் நிரோஜன். விரல் நுனியில் வேர்க்கிற வேர்வையை இந்தச் சின்ன மெசின் கண்டுபிடித்துத் திரையில் கோடாக வரையுமாம். மனம் பதறினால் கோடு ஏறும், அமைதியானால் இறங்கும். செய்து காட்டச் சபையிலிருந்து ஒருவர் வேண்டும்.

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

மைக்கை முன்வரிசையால் கைமாற்றி விடுகிறோம், விருப்பமானவர் எழுந்து நில்லுங்கள் என்றான். மைக் கிழவியின் கைக்கு வந்தது, கிழவி பாலேந்திராவிடம் தந்தாள். அதற்கு அப்பால் ஒருவரும் இல்லை. நெருப்பைத் தொட்டதுபோல் அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். கை எட்டவில்லை. எட்டுவதற்காக எழுந்தார்.

மண்டபம் கைதட்டியது.

"இல்லை, நான் பின்னுக்குக் குடுக்கத்தான்..." என்று டெனிஷில் சொன்னது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. எவ்வளவு அடக்கமான மனுசன் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மேடையில் குருசுமுத்து அவருடைய இரண்டு விரலில் இரண்டு கவ்வி மாட்டி, தொப்பியையும் கழற்றி வாங்கிக்கொண்டார். பெரிய திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நிரோஜன் மேசைக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு நின்றுகொண்டு, முதல் கேள்வி சுகமானது என்றான். பெயர்?

"குணசேகரம்."

கோடு படியேறுவதுபோல ஏறியது. சபை சிரித்தது. பாலேந்திராவும் சிரித்து வைத்தார்.

இருக்கிற இடம்?

மூச்சை இறுக்கி அடக்கிக்கொண்டு சொன்னால் மெசினுக்குத் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. அடக்கினார். "கோல்டிங்" என்றார். கோடு முன்னதைவிட உயரம் போனது. மூச்சை விட்டபோது அது மைக்கில் பஸ் நிற்கிற சத்தம்போலக் கேட்டது.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டான்.

சாரங்கியின் பெயர் கிட்டவும் வரக்கூடாது. "இல்லை" என்றார். கோடு திரையின் மேல்விளிம்பில் முட்டியது. அப்படியென்றால் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம் என்று, "ஒரு மகன்" என்றார். கோடு திரைக்கு வெளியே போய்விட்டது. "இரண்டு மகன்மார்" என்றபோது கோட்டையே காணவில்லை. எங்கோ ஒரு சின்னப் பிள்ளை, அது கூரைக்கு மேலே போய்விட்டதா என்று தாயிடம் கேட்டது.

முதுகில் சேட்டு ஒட்டிக்கொண்டது. குரைக்கிற நாய்க்கு ஒரு எலும்பு போடுவதுபோல ஒரேயொரு உண்மையை இதற்குப் போட்டால் அடங்கும் என்று நினைத்தார்.

"ஒரு மகள்."

கோடு விறுவிறுவென்று இறங்கி, காற்றில்லாத நாளில் வைலே நீரேரி கிடப்பதுபோலக் கிடந்தது. மண்டபம் முழுக்க ஓர் ஆறுதல் மூச்சு. பாலேந்திராவுக்கும் முதுகில், நாரியில் இருந்த பிடிப்பு விட்டதுபோல ஒரு சுகம்.

அந்தச் சுகம்தான் அவரைக் கெடுத்தது. பெயர் பாலேந்திரா என்றார், கோடு அசையவில்லை. கிரின்ஸ்டெட்டில் இருக்கிறேன் என்றார், அசையவில்லை. கேட்காமலே, ரயர் மாற்றப் போவதாக மனிசிக்குச் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னார். சபை அவரை நேசிக்கத் தொடங்கிவிட்டது.

நிரோஜன் இப்போது கம்ப்யூட்டரை விட்டுத் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக் கேட்டான்.

"அப்படியென்றால், இன்றைக்கு இங்கே ஏன் வந்தீர்கள்?"

"விஞ்ஞானத்தில் எனக்கு..." என்று தொடங்கினார். கோடு எழும்ப ஆயத்தமானது. பாலேந்திரா அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"உங்களைப் பார்க்கத்தான்."

கோடு படுத்துக்கொண்டது.

"என்னையா?"

"என் மகளுக்கு நீங்கள் சரிவருவீர்களா என்று பார்க்க."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. கிழவி கண்ணைத் துடைத்தாள். நிரோஜனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனாலும் விடாமல், எப்படி, சரிவருமா என்று கேட்டான்.

"கொண்டைக்கு ஐந்து மார்க் குறைத்திருக்கிறேன். மற்றும்படி பரவாயில்லை."

கோடு மேசைபோல நேராக ஓடியது.

"நீங்கள் வந்தது மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது." கோடு ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது, பிறகு படுத்தது. பாலேந்திரா சபையின் பக்கம் திரும்பினார். "தயவுசெய்து ஒருவரும் அவளுக்குச் சொல்ல வேண்டாம். தெரிந்தால் கலியாணத்துக்கு என்னிடம் கேட்க மாட்டாள். எனக்கு அவள் ஒரே பிள்ளை."

சிரிப்பு நின்றது. தூக்கிப் பிடித்திருந்த கைத்தொலைபேசிகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. இருநூறு டெனிஷ்காரரும் வாக்குக் கொடுப்பதுபோலத் தலையசைத்தார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் குருசுமுத்து தொப்பியைத் திருப்பிக் கொடுத்து, விரல் கவ்விகளைக் கழற்றினார். பாலேந்திரா ஒரு பெட்டியின்மேல் குந்திவிட்டார். தொழிற்சாலையில் முதுகு நோவு என்று சொல்லி எடுத்த லீவுகளை இவ்வளவு காலமும் ஒரு டொக்டரும் பிடிக்கவில்லை என்று புலம்பினார். இந்த நெருப்புப்பெட்டி அளவு சாமான் ஐந்து நிமிடத்தில் அவரை உரித்துப் போட்டுவிட்டது.

"தம்பி, சபையிலை உள்ளவை டெனிஷ்காரர், சொல்லமாட்டினம். அந்தப் பொடியனுக்கு மட்டும் நீர் ஒரு சொல்லுச் சொல்லிவிடும். என்ரை மகளின்ரை காதுக்கு இது போகக்கூடாது."

குருசுமுத்து வயரைச் சுற்றிக்கொண்டே அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அண்ணை, மெசின் பின்னேரம் நாலு மணிக்கே பழுதாப் போச்சு, உங்கடை படத்தைக் காட்டி உங்களைப் பற்றி மகள் எல்லாம் அவனுக்குச் சொல்லி வைச்சிருந்தபடியாலைதான் பொடியன் பொய்யுக்கு ஏத்தி, மெய்யுக்கு இறக்கிக் கையாலை கோடு கீறினவன்."