ஜெனியின் செருப்பும் என் எவர்சில்வர் டப்பாவும்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிளம்பர் வேலை செய்கிறேன். யார் வீட்டில் என்ன ஒழுகினாலும் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவேன். பள்ளிக்கூட வாசலில் போய் நின்றால் மட்டும் எனக்கே ஒழுக ஆரம்பித்துவிடும் (வேர்வையச் சொல்றேங்க).

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் ஜெனி ஆறாம் வகுப்பு. ஓமந்தூரில் வீடு, திண்டிவனத்தில் பள்ளிக்கூடம். கண்காட்சிக்காக, சொந்தமாக யோசித்து, வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒரு பொருள் செய்து வரச் சொன்னார்கள். கடையில் வாங்கக் கூடாது. நன்றாகச் செய்கிற இரண்டு பேரை விழுப்புரத்துக்குப் பெரிய போட்டிக்கு அனுப்புவார்களாம். அன்றிலிருந்து ஜெனி தூக்கத்தில்கூட விழுப்புரத்தில்தான் இருந்தாள்.

எங்கள் மாடித் தொட்டி வாரத்தில் மூன்று நாள் வழியும். மோட்டாரைப் போட்டுவிட்டு என் மனைவி லூர்து மறந்துவிடுவாள் (பிளம்பர் வீட்ல இந்தக் கூத்து). அதற்கு ஜெனி ஒரு வழி கண்டுபிடித்தாள். செய்து காட்டத் தொட்டிக்குப் பதில் ஒரு வாளி. அதன் விளிம்பில் தராசுக் கோல் மாதிரி ஒரு குச்சி. வாளிக்குள் இருக்கும் முனையில் என் பழைய ரப்பர் செருப்பு, வெளி முனையில் ஒரு கரண்டி. தண்ணீர் ஏற ஏறச் செருப்பு மிதந்து மேலே வரும். வெளி முனை தாழும். கரண்டி வழுக்கிக் கீழே இருக்கும் தட்டில் விழும். டணார்! எட்டு நாள் என்னென்னவோ கட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் செருப்புக்கு வந்து சேர்ந்தாள்.

கண்காட்சி அன்று அவள் வேனில் முன்னால் போய்விட்டாள். வாளியையும் குச்சியையும் கொண்டுவருவது என் பொறுப்பு. மொபெட்டில் வைத்துக் கட்டும்போதுதான் அந்த எண்ணம் புகுந்தது. விழுப்புரத்திலிருந்து பெரிய மேடம் வந்து பார்க்கப்போகிறார். அவர் முகத்துக்கு நேராக என் செருப்பை நீட்டுவதா? என் கட்டைவிரல் தடம் வேறு அதில் குழியாகப் பதிந்திருந்தது. 'பிளம்பர் பொண்ணு செருப்பத் தூக்கினு வந்துட்டா' என்று யாராவது சிரித்துவிட்டால்?

திண்டிவனத்தில் ஒரு பாத்திரக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். பளபளவென்று ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வாங்கினேன். செருப்பை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு டப்பாவைக் கட்டினேன். அவ்வளவு லட்சணமாக இருந்தது. என்னையே நான் மெச்சிக்கொண்டு, ஒரு டீயும் குடித்தேன்.

அந்த டீயால் தாமதம். நான் நுழைந்தபோது மேடம் ஜெனியின் மேசைக்கே வந்துவிட்டார். பொருளை வைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஜெனி டப்பாவைப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

"ஆரம்பிம்மா" என்றார் மேடம்.

பள்ளிக்கூட ஆயாம்மா வாளிக்குள் குழாயை விட்டுத் திறந்தார். தண்ணீர் ஏறியது. டப்பா கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு மூடி இடுக்கில் தண்ணீர் புகுந்து, 'குளுக்' என்று முழுகிப்போனது. கரண்டி அசையவே இல்லை. வாளி வழிந்தது, மேசை நனைந்தது, பக்கத்து மேசையில் புகைந்துகொண்டிருந்த களிமண் எரிமலை அணைந்தது. மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். ஒழுக்கை நிறுத்தியே சோறு தின்கிற எனக்கு, அந்த மூடியைத் தண்ணீரில் அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை!

"யோசனை நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு தடவகூட நீ செஞ்சி பாக்கலியா?"

"பாத்தேன் மிஸ்" என்றாள் ஜெனி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தூணுக்கும் மேசைக்கும் நாலடி தூரம். பாண்டிச்சேரிக்கு நடந்துபோயிருந்தால்கூட அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

"நான்தாங்க மேடம்... அவ அப்பாங்க. அந்த எடத்துல செருப்புங்க. நான்தாங்க மாத்திட்டேன்."

"செருப்பா?"

"நேத்து வரிக்கும் டாண்ணு அடிச்சிதுங்க. உங்க முன்னால போயி செருப்ப வெக்கறதான்னு..."

கூடமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. ஜெனி பக்கம் திரும்பி, "எதுக்கும்மா செருப்பு?" என்று கேட்டார்.

ஜெனி மடமடவென்று கொட்டினாள். "டப்பால தண்ணி பூந்துக்கும் மிஸ். எங்கம்மா மஞ்சத்தூள் டப்பாவ மொத நாளே வெச்சி பாத்துட்டேன். பந்து உருண்டுகினே போயி ஓரத்துல மாட்டிக்குது. செருப்புதான் படுத்துகினே மேல வருது."

(எட்டு நாளும் அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

மேடம் தன் செருப்பைக் கழற்றி, "இது ஆவுமா பாரு" என்றார். ஜெனி அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, "இது முழுகிடும் மிஸ்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டே போய் ஆயாம்மாவிடம் நின்றாள். வாளியைக் காலி செய்து மறுபடி தண்ணீர் விட்டதும், ஆயாம்மாவின் ரப்பர் செருப்பு சத்தம் போடாமல் மிதந்து மேலே வந்தது. டணார்!

கைதட்டினார்கள். ஆனால் முதல் தடவைக்குத்தான் மார்க். விழுப்புரத்துக்கு வேறு இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருவன் எரிமலைக்காரன் (வூட்டுக்கு எரிமல எதுக்கு ஒதவும்னு இன்னிக்கும் எனக்குப் புரியல).

திரும்பும்போது ஜெனி மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"நான் செஞ்சது அசிங்கமாவா இருந்துச்சி?"

"இல்லம்மா. எனக்குத்தான் பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

வீடு வரைக்கும் நான் ஹாரன் மட்டும்தான் அடித்தேன்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. இன்னமும் வீட்டில் எதையாவது கட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும்தான் இருக்கிறாள். முடிந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: "கைய பின்னால கட்டிக்கினு பாருப்பா. புரியலன்னா கேளு." அப்படியே நிற்கிறேன். கேட்கிறேன். பாதிக்கு மேல் புரியவும் செய்கிறது. அந்தக் கோலத்தில் நான் நிற்பதைப் பார்த்தால் போதும், லூர்து அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"ஜெனி, கலெக்டரு ஆய்வுக்கு வந்துட்டாரு பாரு. நாற்காலி போடு!"

"வேணாம்மா. உக்காந்தா கைய முன்னால எடுத்துருவாரு."