குமிழி மாஸ்டரும் உறைந்த எண்ணெயும்

நுவரெலியாவுக்குப் பஸ் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாத அறுபதுகளில், நம் உடம்புக்குள் எது எங்கே போகிறது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் குமிழி மாஸ்டர்தான். விஞ்ஞானம் படிப்பித்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது.

பள்ளிக்கூடத்தை ஒட்டி என் தேத்தண்ணிக் கடை. மத்தியானம் சாப்பிட வந்தால் ரசத்தைத் தொடமாட்டார். மேலே மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது கரண்டியை விட்டால் போச்சு. "பொறுங்க, பொறுங்க! ரெண்டும் சேரப் போகுது!"

அவர் கணக்கில், உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கலம், அதாவது உயிரணு, ஒவ்வொன்றும் ஓர் ஊர். ஓர் அறையில் புரதம் செய்கிறார்கள். அடுத்த அறையில் தரம் பிரித்து, கொழுப்புத் தோல் போட்ட குமிழிக்குள் அடைத்து, வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். போய்ச் சேரும் சுவரும் கொழுப்புதான்; குமிழி அதில் கலந்துவிடும், சரக்கு தானாக வெளியே நிற்கும். பஸ் கண்டக்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"பஸ்ஸுக்குக் கதவே வேணாம் தம்பி. சுவத்துல முட்டி சுவரோட சுவரா ஆயிடணும். ஆளுங்க தானா வெளிய நிப்பாங்க."

"நானுஓயா வளைவுல ஒருத்தர் அப்படித்தான் முட்டுனாரு மாஸ்டர். ஆஸ்பத்திரியில இருக்காரு."

புத்தகத்தில் இல்லாததையெல்லாம் படிப்பிக்கிறார் என்று யாரோ மேலே சொல்லிவிட, யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து இறங்கினார். பாடம் பிடிக்காவிட்டால் மாஸ்டருக்கு வேறு ஊர். தண்ணீரில் தேங்காயெண்ணெய்ப் பொட்டுகள் சேருவதைக் காட்டுவதுதான் அவருடைய ஒரே சாட்சி. அன்றைக்கென்று பல் கிட்டும் பனி. போத்தலுக்குள் எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி நின்றது. மாஸ்டர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டார். ஒரு கைதான் மேலே வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு ஆவி பறக்கும் பிளேன்டீயோடு நான் வகுப்புக்குள் போனபோது, தட்டுத் தண்ணீரில் வெள்ளை எண்ணெய்க் கட்டிகள் முட்டி முட்டி விலகிக்கொண்டிருந்தன.

"என்ன மாஸ்டர், ஒண்டும் ஒட்டேல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாஸ்டர் அசையவில்லை.

"இறுகின கொழுப்புல வண்டி ஓடாதுங்க ஐயா. நம்ம ஒடம்புக்குள்ள சூடு இருக்கு" என்றவர், என் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கி அப்படியே தட்டில் ஊற்றிவிட்டார்.

கட்டிகள் இளகிப் பொட்டுகளாயின. ஒன்று மெல்ல நகர்ந்து இன்னொன்றின் பக்கத்தில் போய் நின்றது. பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். வழுக்கென்று இரண்டும் ஒன்று.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். பேனா மூடியால் இன்னும் இரண்டைத் தள்ளிச் சேர்த்துப் பார்த்தார். அவையும் ஒன்று. மறுபடியும் இரண்டைத் தள்ளினார்.

"இன்னொரு தேத்தண்ணி கொண்டு வாரும்" என்றார் என்னிடம்.

"குடிக்கவாங்க, ஊத்தவாங்க?"

"ரெண்டுக்கும்தான்."

மாஸ்டருக்கு இடமாற்றம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பனிக்காலத்திலும் என் அடுப்போரம் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் இளகியபடியே இருக்கும். கேட்டவர்களிடம், தலைக்குத் தேய்க்க என்பேன். என் தலையில் அப்போதே ஒரு முடியும் கிடையாது.