மட்டையோடு ஓடிய வருங்கால வீரர்

எனக்கான பாராட்டு விழா, நான் எதையும் சாதிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுயர மாலை போட்டார்கள். நான் ஏற்புரைகூட நிகழ்த்தினேன். "இந்த வெற்றிக்குக் காரணம்..." என்றுதான் தொடங்கினேன். எந்த வெற்றி என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் தோளில் போர்த்துகிற பொன்னாடை மூளையையும் சேர்த்து மூடிவிடும் போலிருக்கிறது.

பேஸ்போல் விளையாட்டில் என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு சொல் உண்டு: புரொஸ்பெக்ட். அதாவது, இன்னும் வராதவன். ஆனால் வந்தே தீருவான் என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்யப்படுகிறவன். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வருடந்தோறும் வரிசைப்படுத்தி, அடுத்த பெரும் நட்சத்திரம் என்று படம் போட்டு எழுதுவார்கள். பாதிப்பேருக்கு மேல் வருவதேயில்லை. ஒருவனுக்குத் தோள் போய்விடும். ஒருவனுக்கு வளைந்து வருகிற பந்து கடைசிவரை பிடிபடாது. அப்படித் தோற்றவர்களின் கதைகளை ஆர்ஈஆர் புறநகர் ரயிலில் போகவர வாசித்து, "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிய ஆள் நான். (உச்சுக்கொட்டியபோது என் பொன்னாடை கடையில் விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தது.)

நான் கிரிக்கெட் பெடியன். ஞாயிற்றுக்கிழமைகளில் லா சப்பல் தமிழ்க் கடைக்காரர்களின் அணிக்கு விளையாடுவேன். பக்கத்து மைதானத்தில் தொப்பி போட்ட பிரெஞ்சுக்காரர்கள் பேஸ்போல் ஆடுவார்கள். ஒருநாள் எல்லைக்கோட்டிலிருந்து நான் எறிந்த பந்து, விக்கெட்டையும் தாண்டி, வேலியையும் தாண்டி, அவர்களுடைய பயிற்சியாளர் பஸ்காலின் கையிலிருந்த கோப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டது. சட்டையெல்லாம் கோப்பியோடு வந்து, "யார் எறிந்தது?" என்று கேட்டார். எங்கள் அணி வரலாற்றில் முதல்முறையாக எல்லோரும் ஒற்றுமையாக ஒரே ஆளைக் கைகாட்டினார்கள்.

பஸ்கால் கோபிக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை வா" என்றார். போனேன். பந்து எறிகிறவனாக என்னைச் சேர்த்துக்கொண்டார். சில மாதங்களில், அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வருகிறார், ஒரேயொரு பிள்ளையைத் தெரிவுசெய்து முழுச் செலவோடும் கூட்டிப்போகப் போகிறார் என்றார். "உனக்கு ஒருவேளை கிடைக்கலாம்" என்றும் சொன்னார்.

இதை நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அதுதான் என் முதல் பிழை. சித்தப்பாவுக்கு ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக்கடை. அவர் வாயிலிருந்து செய்தி புறப்பட்டால் கார் து நோர் ரயில் நிலையம் வரை நிற்காது. ஆனால் அந்த 'ஒருவேளை' மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

அன்று பின்னேரமே புறநகர் வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"அண்ணை, உங்கடை மோன் இனி உங்கடை மோன் இல்லை. எங்கள் எல்லாருக்கும் சொந்தம். அமெரிக்காக்காரன் தேடி வாறான்!"

அப்பா ஒப்பராப் பக்கம் ஒரு ரெஸ்ரோறண்டில் குசினி வேலை. வெங்காயம் வெட்டி வெட்டி, எதற்கும் கண் கலங்காத நிலைக்கு வந்தவர். "தேடி வாறானோ, பாக்க வாறானோ?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்டுதான் அண்ணை."

அம்மா மெல்ல, "எதுக்கும் கொம்பியூட்டர் படிப்பின்ர ரெண்டாம் வருசத்துக்குப் பதிஞ்சு வையன் தம்பி" என்றா.

"அண்ணி! பெடியன்ர மனசிலை சந்தேகத்தைப் போடாதேங்கோ."

நான் என் மனதைச் சந்தேகமில்லாமல் வைத்திருந்தேன். பதியவில்லை. கடைசித் திகதி கடந்துபோனதை வீரனுக்குரிய அலட்சியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, கணக்கு மிக எளிது. தெரிவானால் அமெரிக்கா. இல்லையென்றால் படிப்பும் இல்லை. சித்தப்பாவின் கடையில் அரிசிமூட்டை.

பிறகு பனர் வந்தது. கடை வாசலின் அகலத்துக்கு, தடித்த பிளாஸ்ரிக்கில். "அமெரிக்கா செல்லும் வருங்கால பேஸ்போல் வீரரை வாழ்த்துகிறோம்!" பேஸ்போல் உடுப்பில் என்னிடம் படம் இல்லாததால் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிற படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வட்டங்களுக்குள் வாழ்த்துகிறவர்களின் முகங்கள். அதில் சித்தப்பாவின் முகம் என்னுடையதைவிடப் பெரிது. (கேட்டதற்கு, "என்னை ஆக்களுக்குத் தெரியும். உன்னை ஆருக்குத் தெரியும்?" என்றார். நியாயந்தான்.)

தெரிவு நாள் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு தண்ணீர்ப்போத்தல். எனக்கு ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள். கிரிக்கெட் அணி, எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவர், சித்தப்பா, கழற்றி உருட்டிக் கொண்டுவரப்பட்ட பனர். அப்பா வேலையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அம்மா அலுமினியத் தாளில் சுற்றிய உழுந்து வடையை அமெரிக்காக்காரரின் கையில் நேரே கொடுத்தா. அன்று எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றியது அந்த வடை மட்டுமே. மனிதர் மூன்று சாப்பிட்டார்.

முதலில் பந்தெறிதல். வேலியில் கட்டியிருந்த பனர் நேரெதிரே தெரிந்தது. அந்த வருங்கால வீரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நிகழ்கால ஆள் எறிந்த முதற்பந்து அவருடைய மூக்கிலேயே போய்ப் பட்டது. பிறகு சமாளித்தேன். அமெரிக்காக்காரர் "நல்ல கை" என்றார். இன்னும் சந்தர்ப்பம் இருந்தது. பயிற்சி ஆட்டத்தில் ஒருமுறை மட்டையைப் பிடிக்கச் சொன்னார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடவேண்டும். மட்டையை நீட்டிக் கோட்டுக்குள் வைத்தால் போதும். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். முதலாம் பேஸை, அதாவது தரையில் கிடக்கிற சதுர மெத்தையை, காலால் மிதிக்கவேண்டும். பந்தோடு எதிராளி முந்தி மிதித்தால் அவுட். சின்ன வயதிலிருந்து மட்டையோடு ஓடிய எனக்கு இது கையில் ஏறவில்லை. பயிற்சியில் ஒவ்வொருமுறையும் பஸ்கால் "லாஷ்! லாஷ்!" என்று கத்துவார். பிரெஞ்சில் 'லாஷ்' என்றால் விடு. அதே சொல்லுக்குக் கோழை என்றும் பொருள். பள்ளிக்கூடம் போன எனக்கு இரண்டும் தெரியும். சித்தப்பாவுக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். முதன்முதல் வேலைசெய்த இடத்தில் முதலாளி அவரை அப்படித்தான் கூப்பிடுவாராம்.

பந்து வந்தது. அடித்தேன். நல்ல அடி. தரையைக் கிழித்துக்கொண்டு போய், எடுத்தவன் தடுமாறி, எறிந்ததும் அகலப் போய், முதலாம் பேஸில் நின்றவன் பேஸை விட்டு விலகித்தான் அதைப் பிடிக்க முடிந்தது. நான் சும்மா நேரே ஓடி மிதித்திருந்தால் போதும்.

மட்டை கையில் இருந்தது. பஸ்கால் கத்தினார்: "லாஷ்! லாஷ்!" என் கை திறக்கத்தான் போனது. சத்தியமாகத் திறக்கப் போனது. அந்த நேரம் வேலிப்பக்கமிருந்து எங்கள் சனம் ஒரே குரலில்:

"மட்டையை நீட்டடா! நீட்டு! நீட்டு!"

பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை நான். குனிந்து, முழங்கால் மடித்து, பேஸின்மேல் மட்டையின் நுனியை மிக அழகாக வைத்தேன். என் கால் பின்னால் ஒரு மீற்றர் தூரத்தில் நின்றது. பந்தோடு திரும்பி வந்தவன், மட்டையையும் என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு பேஸை மிதித்தான். நடுவர் அவுட் என்றார்.

"நொட் அவுட்!" வேலிப்பக்கம் அதிர்ந்தது. "மட்டை உள்ளுக்கை கிடக்கு! கண் தெரியேல்லையோ?" விசில், கைதட்டல். நான் என்ன செய்திருக்கவேண்டும்? தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருக்கவேண்டும். நானோ அரைச்சதம் அடித்தவன்போல் சனத்தைப் பார்த்து மட்டையை உயர்த்திக் காட்டினேன். (அந்தப் படமும் இருக்கிறது. எங்கள் குடும்ப வட்சப் குழுமத்தின் முகப்புப் படம் இன்றைக்கும் அதுதான்.)

அதற்குள் சித்தப்பா வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்.

"உவன் ஆரைப் பாத்து லாஷ் எண்டவன்? எங்கடை பிள்ளையையோ?" என்று தமிழில் முழங்கியபடி பஸ்காலிடம் போய், விரலை நீட்டி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்: "மிஸ்யூ! மொன் நெவூ, பா லாஷ்! பா லாஷ்!" என் பெறாமகன் கோழை இல்லை என்று அவருடைய எண்ணம்.

பஸ்காலின் காதில் அது வேறாக விழுந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு, "அதேதான் ஐயா! அவன் விடவில்லை! அதைத்தான் நானும் சொல்கிறேன்! பா லாஷ்!" என்றார்.

சித்தப்பா வெற்றியோடு எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தியளோ, ஒத்துக்கொண்டிட்டான்!"

மறுபடியும் கைதட்டல். அமெரிக்காக்காரர் என்னிடம் வந்து, அவர்கள் எதற்காகச் சண்டைபிடிக்கிறார்கள் என்று கேட்டார். "சண்டை இல்லை, இருவரும் ஒரே கருத்துத்தான்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, வடைக்கு நன்றி சொல்லச் சொன்னார். பிறகு மத்தியூ என்ற பெடியனைத் தெரிவுசெய்தார். முதலாம் பேஸில் நின்று, சங்கடத்தோடு என்னை அவுட்டாக்கியவன்.

திரும்பும்போது வானில் எனக்கு இடமிருக்கவில்லை. வரும்போது இருந்த இடம் போகும்போது எப்படி இல்லாமற்போனது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவும் நானும் ரயிலில் வந்தோம். செயின் தெனி நிலையமும் தாண்டியது. பிறகு அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மட்டையை நீட்டு எண்டு நானும்தான் கத்தினனான்."

அன்று எனக்கு ஆறுதலாக ஒருவர் சொன்னது அது மட்டுந்தான். அதைக்கூட அப்பா யன்னலுக்குத்தான் சொன்னார்.

மேடையில் 'எங்கள் மண்ணின் மைந்தன்' ஆக இருந்த நான், அடுத்த கிழமை லா சப்பலில் 'வில்லியே லே பெல் பெடியன்' ஆனேன். சங்கத் தலைவர் மெத்ரோப் படியில் என்னைக் கண்டதும் அவசரமாகத் தொலைபேசியை எடுத்து, ஒலிக்காத அழைப்புக்குப் பதில் சொன்னார். சித்தப்பா வாடிக்கையாளர்களிடம், "எங்கடை அண்ணையின்ர மோன், விளையாட்டு எண்டு படிப்பைக் குழப்பிப்போட்டு நிக்கிறான். இஞ்சை வேலை குடுத்திருக்கிறன், பாவம்" என்றார். நான் பக்கத்தில் அரிசிமூட்டையோடு நின்றேன்.

பனர் என்னவாயிற்று? "நல்ல பிளாஸ்ரிக், எறியக்கூடாது" என்று சித்தப்பா அதை வெங்காயப் பெட்டிகளுக்கு மேல் போட்டார். மழை பெய்தால் அமெரிக்கா செல்லும் வருங்கால வீரர் ரூ பெர்தொனேயில் வெங்காயம் நனையாமல் பார்த்துக்கொள்வார். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எனக்குத் தெரிந்து, எதிர்பார்ப்பை நிறைவேற்றிய என் ஒரே வடிவம் அது.

மத்தியூவைப் பிறகு ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தில் தற்செயலாகக் கண்டேன். ஒரு வருடத்திலேயே திரும்பி வந்துவிட்டானாம். சப்பாத்துக் கடையில் வேலை. வாய்க்கால் ஓரம் பியருடன் உட்கார்ந்தோம்.

"அங்கே எல்லோரும் புரொஸ்பெக்ட்" என்றான். "தண்ணீர்ப்போத்தல் தூக்குகிறவன்கூட அவனுடைய ஊரின் நட்சத்திரம்."

"உங்கள் ஊரில் உனக்குப் பனர் கட்டினார்களா?"

"பாண் பேக்கரியில் என் படம் மாட்டியிருந்தார்கள். இப்போது வேறொரு பிள்ளையின் படம். உன்னுடையது?"

"வெங்காயத்துக்கு மேலே இருக்கிறது."

அவன் யோசித்துவிட்டு, "உன்னுடையதாவது பயன்படுகிறது" என்றான். பகிடி இல்லை. உண்மையான பொறாமையோடு சொன்னான்.

எங்கள் வீட்டில் 'லாஷ்' என்பது இப்போது தமிழ்ச் சொல். நகைக்கடையில் அம்மா ஒரு காப்பைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றால் அக்கா "அம்மா, லாஷ்" என்பாள். கலியாண வீட்டில் ஒலிவாங்கியை விடாதவருக்கும் லாஷ். நான் ஒரு பெண்பிள்ளையை மறக்கமுடியாமல் திரிந்த வருடம் எனக்கு நாளும்பொழுதும் லாஷ்தான். ஒவ்வொரு முறையும் யாராவது புது விருந்தாளிக்கு முழுக்கதையையும் தொடக்கத்திலிருந்து சொல்வார்கள். நான் வடையைச் சாப்பிட்டபடி காத்திருப்பேன்.

அரிசிமூட்டையை விட்டு இப்போது ஓர் அச்சகத்தில் இருக்கிறேன். அடுத்த தெருதான். என் வேலை, பனர் வடிவமைப்பது. வருங்கால வைத்தியர், வருங்கால நடனத் தாரகை, வருங்காலப் பொறியியலாளர். 'வருங்கால' என்ற சொல்லைக் கணினியில் தயாராகவே வைத்திருக்கிறேன். பின்னால் வருவதை மட்டும் மாற்றினால் போதும்.

போன கிழமை சித்தப்பா தன் மகள் அபியோடு வந்தார். அபி யூடோ மற்போர் பழகுகிறாள். அடுத்த மாதம் அவளுக்குத் தெரிவுப்போட்டி.

"வருங்கால ஒலிம்பிக் வீராங்கனை எண்டு போடு. பெரிசா. என்ர படத்தையும் கொஞ்சம் பெரிசா."

அபி பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில், "பப்பா, லாஷ்!" என்றாள்.

"ஆரையடி கோழை எண்டுறாய்?" என்று சித்தப்பா சீறினார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, பிளாஸ்ரிக் மழை தாங்குமோ?"

"ஓம் சித்தப்பா. பழசே இன்னும் தாங்குதுதானே" என்றேன்.