பாலத்தடியில் ஒரு சாம்பிள்

பாலத்துத் தூணுக்குப் பின்னால் வைத்திருந்த பாட்டிலையும் காணவில்லை.

சொட்டு சார் தூணை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. தூண் மட்டும் இருந்தது. சூரியன் முழுதாக எழும்பவில்லை. அதற்குள் காற்று யாரோ அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வீசிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வீடு போய்ச் சேர, வந்த தூரம் முழுவதும் பாக்கி. அவர் ஓடவில்லை, நடந்தார். கடைசித் தெருவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டதும் நடக்கவும் இல்லை. மதில் மதிலாகத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மூத்த டெக்னீஷியன். ரத்தம், சிறுநீர், சளி எதுவானாலும் சொட்டுக் கணக்கு பிசகாமல் கலப்பவர் என்பதால் அந்தப் பெயர். மனைவி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்துவிட்டு, எதையும் நம்பாமல் இருப்பதுதான் அவளுடைய வேலை. அலுவலக நேரம் முடிந்த பிறகும் அவள் அதைத் தொடர்ந்து செய்துவந்தாள்.

போன வருடம் இதே கோடையில் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்டார் சொட்டு சார். தாகம் எடுத்தால் குடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து ஓடினார். தாகம் எடுத்தபோது காரியம் கைமீறியிருந்தது. பாதி வழியில் விழுந்து, மீதி வழியை ஆம்புலன்ஸில் கடந்தார். அவர் வாயைப் பிளந்துகொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்த கோலத்தை மச்சான் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் வைத்துவிட்டான். ஒரு வருடமாக அந்தப் படம் அங்கேயே இருக்கிறது. யாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போனாலும் அந்தப் பிளந்த வாய்க்குக் கீழேதான் போனது. இந்த வருடம் ஓடி முடித்தால் எடுத்துவிடுவதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தான். மனைவியும் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: கூடத்தின் டாக்டரம்மா உடல் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

ஆகவே அவர் தண்ணீரை ஒரு படிப்பாகவே எடுத்துக்கொண்டார். ஓடுமுன் எடை பார்ப்பார், ஓடிவந்து எடை பார்ப்பார், வியர்வையாகப் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப உள்ளே அனுப்புவார். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் உடம்பில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும் என்பதால் உப்பு, குளுக்கோஸ், எலுமிச்சை கலந்து ஒரு பானம் தயாரித்தார். கழிப்பறைக் கதவில் மஞ்சள் நிறங்களை வரிசையாகத் தீட்டி ஓர் அட்டை மாட்டினார். சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறம் என்றால் ஓடலாம்; அதற்குக் கீழே போனால் முதலில் குடிக்கவேண்டும்.

வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிற இடம் என்றாள் மனைவி. அவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்றார் இவர்.

பானத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் முடியவில்லை. இடுப்பில் கட்டினால் குதித்தது. கையில் பிடித்தால் ஒரு தோள் இறங்கியது. முந்தின நாள் மாலையே போய் வழியில் ஒளித்துவைக்கத் தொடங்கினார். பூங்காப் புதரில் வைத்தது போயிற்று. மின்பெட்டிக்குப் பின்னால் வைத்தது போயிற்று. இப்போது பாலத்தடியும் கைவிட்டது. அடிக்கிற வெயிலில் ஊரில் எல்லோருக்கும்தான் தாகம்.

அன்று வேலையில் உட்கார்ந்தபடி வெகுநேரம் யோசித்தார். யாரும் குடிக்கத் துணியாத ஒரு பாட்டில் வேண்டும். மேசையின்மேல் அந்த வகைப் பாட்டில்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

மாலையில் அதில் ஒன்றில் பானத்தை ஊற்றி, கூடத்தின் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டினார். பெரிய எழுத்தில் ‘சிறுநீர் மாதிரி’ என்றும், கீழே கூடத்தின் பெயரும் முகவரியும் அச்சிட்டிருந்தது. நோயாளியின் பெயர், வயது என்று இரண்டு கோடுகள் காலியாக இருந்தன. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பெயர் எழுதாத சாம்பிளை வாங்கியதற்காக எத்தனையோ பேரை அவர் திட்டியிருக்கிறார். பேனாவை எடுத்துத் தன் பெயரையும் வயதையும் அழகாக எழுதினார்.

மறுநாள் பாட்டில் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தபோது, காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஸ்டிக்கரை வாசித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா சார் எடுத்துக்கறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ரெண்டு மாசமா."

"வெறும் வயித்துலயா?"

"ஓடுறப்ப மட்டும்தான்."

பெரியவர் தலையசைத்தபடி போனார். மறுநாள் இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்து தள்ளி நின்று காட்டினார். அதில் ஒருவர் கும்பிட்டார். இதற்கு மேல் வேண்டாமென்று சொட்டு சார் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கினார்.

அப்படி ஓடிய முதல் நாளே பாட்டிலைக் காணவில்லை.

இருட்டில் தூணைத் தடவிப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டியதைக்கூட விடாத ஊரா இது என்று மனம் கசந்தது. அன்று அவருக்கு மதியத்துக்குமேல்தான் வேலை. கெண்டைக்காலை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது வரவேற்பில் இருந்த பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஏன் சார், எங்ககிட்டல்லாம் சொல்ல மாட்டீங்களா?"

"எதை?"

"உங்க சாம்பிள் வந்துச்சு சார். பாலத்துக்குப் பக்கத்துல குடோன் வாட்ச்மேனாம். வழியில கிடந்துச்சுன்னு துணியில சுத்தி, முகவரி விசாரிச்சுக்கிட்டு நடந்தே கொண்டாந்து கொடுத்தாரு. இந்தக் காலத்துல யாரு சார் செய்வா?"

சொட்டு சார் இல்லாததால் டாக்டரம்மாவே சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்துவிட்டார்கள் என்றும், பட்டை அட்டையிலுள்ள கடைசி நிறத்தையும் தாண்டிக் கறுத்துவிட்டது என்றும் அவள் சொன்னாள். இருக்காதா பின்னே, கலந்தது குளுக்கோஸ். அதற்குள் டாக்டரம்மா அவருடைய மனைவிக்கும் போன் செய்து சொல்லியாகிவிட்டது.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் கூடத்தின் ஸ்டிக்கரைத் திருடியதும், கூடத்தின் பெயரைத் தெருவோரம் வைத்துவிட்டு வந்ததும் சேர்ந்து வெளியே வரும். டாக்டரம்மா சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் வந்தாலே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறவர். சொட்டு சார் விஞ்ஞானத்தை நம்பினார். ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கையை நீட்டினார்.

ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது அதைவிட மோசம்ப்பா. ரத்தத்துல சரியா இருந்து யூரின்ல இவ்வளவு போகுதுன்னா, கிட்னி ஒழுக விடுதுன்னு அர்த்தம். இந்தக் கிட்னியை வச்சுக்கிட்டு இந்த வெயில்ல ஓடப்போறியா?"

நாளைக் காலை இன்னொரு சாம்பிள் தருகிறேன், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கெஞ்சினார். குறையே சொல்ல முடியாத சாம்பிளாக இருக்கவேண்டும் என்ற பதற்றத்தில் இரவு முழுக்கக் குடித்தார், விடிந்தும் குடித்தார். அவர் நீட்டிய குப்பியை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக எதிர்ச்சுவரிலிருந்த நாள்காட்டியின் தேதி துல்லியமாகத் தெரிந்தது.

"குழாயில பிடிச்சியா?"

"இல்லம்மா, சத்தியமா என்னோடதுதான்."

"என்கிட்டயே வேலையைக் காட்டுறியா?"

பந்தயம் முடிந்த அடுத்த வாரத்துக்கு ஒரு சிறுநீரக மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். சான்றிதழ் கையெழுத்தில்லாமல் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. வீட்டில் குளுக்கோஸ் டப்பாவும் உப்பு டப்பாவும் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டன. இரண்டுமே கிட்னிக்கு ஆகாது என்று மனைவி யாரிடமோ கேட்டு வந்திருந்தாள். குழுவில் அத்தை, சித்தப்பா, தூரத்துச் சொந்தம் எல்லோரும் அவர் உடல்நலம் தேற வேண்டி எழுதினார்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் மேலே அந்த வாய் பிளந்தபடி இருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஓடத் தெரியாதவன் என்று பெயர் வாங்கலாம். ஓடாமலே நோயாளி என்று பெயர் வாங்குவதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை மாலை டாக்டரம்மாவின் அறைக்குள் போய், மனைவியையும் வரவழைத்து, எல்லாவற்றையும் சொன்னார். பூங்காப் புதர், மின்பெட்டி, தூண், ஸ்டிக்கர், எலுமிச்சை. சொல்லச்சொல்லத் தனக்கே அது நம்பும்படி இல்லை என்பது தெரிந்தது.

மனைவி முழுவதையும் கேட்டாள். "ஏங்க, இந்தக் கதையோட ஒரு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தா நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்கே தெரியும்."

"சத்தியமா."

"எல்லாரும் கடைசியில அதைத்தான் எழுதுவாங்க."

டாக்டரம்மா, ஒரு கையெழுத்துக்காக மனுஷன் எந்த எல்லைக்கும் போவான் என்பதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றார்.

சொட்டு சார் எழுந்தார். சோதித்த சாம்பிளில் மிச்சம் இருப்பதை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைப்பது கூடத்தின் வழக்கம். போய், தன் பெயர் எழுதிய பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். முக்கால் பாட்டில் இருந்தது. மூடியைத் திருகினார்.

வாசலில் நின்ற வரவேற்புப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம்ப்பா. நான் உன்னை நம்பலைன்னு ஆத்திரத்துல எதையும் செஞ்சுடாதே."

"பதினேழு வருஷமா இதே வேலை பாக்கறேம்மா. எது யூரின், எது நான் கலக்கினதுன்னு எனக்குத் தெரியாதா?"

குடித்தார். நல்ல குளிர்ச்சி. எலுமிச்சை வாசனை அடியோடு போயிருந்தது. உப்பு ஒரு பிடி தூக்கலாகப் பட்டது. இனிப்பும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நாட்பட்டால் அப்படித்தான் ஆகும் என்று எண்ணிக்கொண்டார். ஒரு மிடறோடு நிறுத்தினால் சந்தேகம் நிற்கும் என்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"உப்பு மட்டும் கொஞ்சம் கூடிப்போச்சு. மத்தபடி என் கைப்பக்குவம்தான்."

மனைவி மெல்லச் சிரித்தாள். அவள் ஒரு விண்ணப்பத்தை நம்பி அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கொடுத்துடுங்க டாக்டர்," என்றாள். "உண்மையா இல்லாட்டா எந்த மனுஷனும் அதைக் குடிக்க மாட்டான்."

டாக்டரம்மா ஸ்டிக்கர் விஷயமாகத் திங்கட்கிழமை தனியாகப் பேசவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்; சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மனைவி அந்த இடத்திலேயே தம்பிக்குப் போன் செய்து, நாளை மதியம் குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்கத் தயாராக இரு என்றாள். சொட்டு சார் சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். உடம்பு காற்றில் மிதந்தது. இப்போதே ஓடச் சொன்னாலும் ஓடியிருப்பார்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். பாலத்துப் பக்கத்துக் குடோன் வாட்ச்மேன். தான் கொண்டுவந்து கொடுத்த சாம்பிளின் ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டுப் போகவே வேலைக்குப் போகிற வழியில் இறங்கியதாகச் சொன்னார்.

சொட்டு சாருக்கு இன்று யார்மீதும் கோபம் இல்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பாட்டிலுக்குரிய ஆள் வேறு யாருமில்லை, நான்தான், எனக்கு ஒன்றுமே இல்லை, பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்தீர்களே, நீங்கள்தான் மனிதர் என்று சொன்னார். மனைவியும் பின்னால் நின்று நன்றி சொன்னாள்.

வாட்ச்மேனின் முகம் தெளியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுல சுகர் கிகர்னு ஏதாச்சும் வந்திருந்தா, அதை நம்பி நீங்க மாத்திரை எதுவும் போட்டுடாதீங்க சார், அன்னைக்கு இருட்டுல தாகம் தாங்காம உங்களோடதை நான் முழுசாக் குடிச்சுட்டேன், விடிஞ்சு ஸ்டிக்கரைப் பாத்ததும் யாரோ நோயாளி பாவமேன்னு, என்னோடதையே நிரப்பிக் கொண்டாந்து கொடுத்தேன்."