இன்னொரு மோட்டலையும் பார்த்துவிட்டு வருகிறவர்

பத்தொன்பது வருடத்து வயிற்றெரிச்சல் இது; இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். மனிதர்களில் ‘இன்னொன்றையும் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று ஓர் இனம் உண்டு.

நெவாடா பாலைவனத்தில், தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கிற ட்ரை வெல்ஸ் என்ற சிற்றூரில், எட்டு அறை மோட்டல் வைத்திருப்பவன் நான். ஊரில் மோட்டல் மொத்தம் மூன்று. என்னுடையதில் ரயில் சத்தம். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் டொலோரெஸ் அம்மாளுடையதில் ரயில் சத்தத்தோடு லாரிச் சத்தம். மூன்றாவதில் நீச்சல் குளம் உண்டு. அதில் தண்ணீரைப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அப்புறம் நூறு மைலுக்கு மணலும் பல்லியும்தான். இதில் எதைப் பொறுக்கி எடுப்பது?

போன ஜூலையில் வந்த வெண்டல் ஹாஸ்கின்ஸ் அந்த இனத்தின் தலைமகன். பிற்பகல் இரண்டு மணி, தார் உருகுகிற வெயில், மனைவி லொரேனுக்கு முழங்கால் பூசணியாக வீங்கியிருக்கிறது. மனிதர் நான்காம் அறைக்குள் நுழைந்தார், மெத்தையை அமுக்கினார், துண்டை முகர்ந்தார், குழாயைத் திறந்து மூடினார், கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், அங்கே திருடன் இல்லாததில் ஏமாந்தவர் போல எழுந்து கேட்டார்:

“தம்பி, ரயில் எத்தனை போகும்?”

“ஒரு நாளைக்கு முப்பது.”

“கொஞ்சம் தள்ளிப் போகாதா?”

“தண்டவாளம் அங்கதான சார் கிடக்கு.”

“ஏங்க, இதுவே போதும். கால நீட்டணும் எனக்கு,” என்றார் லொரேன்.

“அவசரப்படாத. இன்னும் ரெண்டு இருக்குல்ல? தம்பி, அந்த ரெண்டுல எது நல்லாருக்கும்?”

என் வாசலில் நின்றுகொண்டு, எதிராளி கடைக்கு என்னிடமே வழி! அதையும் சொன்னேன். போனார்.

அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்தார். “தேனிலவுக்குப் போனப்பவும் விடிய விடிய ஹோட்டல்தான் பாத்தாரு. சாவியக் குடு தம்பி.”

அன்றைக்கு வெயிலில் எங்கோ தண்டவாளம் வளைந்து, சரக்கு ரயில்கள் அப்படியப்படியே நின்றுவிட்டன. வேன் வேனாக ரயில் ஓட்டுநர்கள் வந்து இறங்கினார்கள். அரை மணியில் மூன்று மோட்டலும் நிறைந்தது.

எங்கள் ஊரில் ஒரு சட்டம். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பகலில் படுக்கிறவர் கதவில் சிவப்பு அட்டை தொங்கும். தொங்கினால் தட்டக் கூடாது. ஷெரீஃபே தட்டமாட்டார். தூக்கம் கெட்டவர் கையில் மறுநாள் ஒன்றரை மைல் நீள ரயில் இருக்கும். அது எங்கள் கொல்லை வழியாகத்தான் போகும்.

ஐந்தாம் அறை ஓட்டுநருக்கு நான் அட்டை மாட்டுவதை லொரேன் பார்த்தார். விவரம் கேட்டார்.

“எனக்கும் ஒண்ணு குடு தம்பி. முப்பத்தெட்டு வருஷமா நானும்தான் ஒரு வண்டிய ஓட்டிக்கிட்டு வரேன்.”

கொடுத்தேன். தாழ்ப்பாள் விழுந்தது.

நாலு மணிக்கு ஹாஸ்கின்ஸ் வியர்த்து விறுவிறுத்து வந்தார். “சரி தம்பி, இதையே எடுத்துக்கறேன்.”

“அறை இல்ல சார்.”

“என் சம்சாரம்?”

நான்காம் அறைக் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டி, சட்டத்தைச் சொன்னேன். செல்லில் கூப்பிட்டார், காருக்குள் மணி அடித்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கினார். ஐந்தாம் அறை ஜன்னல் திறந்தது.

“தட்டிப் பாரு பெருசு, அந்தக் கை உனக்குச் சொந்தமில்ல.”

ஜன்னல் மூடியது. ஹாஸ்கின்ஸ் படியில் உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். ஒரு ஜோடிச் செருப்புக்கு ஐந்து கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பி, ‘அந்த அளவு தீந்துபோச்சுங்க’ என்ற பதிலைக் கேட்டு வந்தவர் இதைப் படிப்பவர்களில் யாருமே இல்லையா? உங்கள் வீட்டிலும் ஒருவர் சிவப்பு அட்டை தேடிக்கொண்டிருக்கலாம்.

ஆறரைக்கு நான்காம் அறைத் தாழ்ப்பாள் விலகியது. மனிதர் கதவுக்கு ஓடுவார் என்று பார்த்தேன். என்னிடம் வந்து காதோடு சொன்னார்:

“தம்பி, உள்ள போறதுக்கு முன்னாடி… அந்த அஞ்சாம் நம்பர்காரரு எழுந்ததும், அந்த அறையையும் ஒரு தரம் காட்டேன்.”