மாமனாருக்கு நான் காய்ச்சிய கஷாயம்

பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லித்தருகிற ஒருவன், மாத்திரையைப் பார்த்து "எல்லாம் கெமிக்கல்" என்று முகம் சுளித்தால் அவனைச் செருப்பால் அடிக்கலாம். அந்த முட்டாள் நான்தான்.

என் மாமனார் ஆரணியில் ஆயுசு முழுக்கப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போனது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் மறுபடி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். தலையாட்டினேன். (தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.)

வீட்டுக்கு வந்ததும் போனில் நாலு வீடியோ பார்த்தேன். மஞ்சள், மாதுளைத் தோல், கிரீன் டீ எல்லாவற்றிலும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருக்கிறதாம், அடிபட்ட மூளையை அது காப்பாற்றுமாம். போதாதா எனக்கு? மூன்றையும் போட்டுச் சுண்டக் காய்ச்சினேன். வேலைக்குப் போகும் என் மனைவி செல்வியிடம் மாத்திரையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டு வேளையும் கஷாயம் புகட்டினேன். வேண்டாமென்று சொல்லப் பேச்சில்லாத மனிதர், பாவம், குடித்தார்.

மூன்றாம் நாள் காலை டம்ளரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தலைமாட்டில் கிடந்த சாயம் போடாத பட்டு நூலை இடது கையால் எடுத்து, கஷாயத்தில் முக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல மஞ்சள். பிறகு சொம்புத் தண்ணீரில் அலசினார். பாதி மஞ்சள் தண்ணீரோடு போயிற்று. என்னைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு வந்தது. படுத்ததிலிருந்து பேசாதவர் முதல் வார்த்தை பேசினார்.

"நிக்காது."

குரல் கேட்டு ஓடிவந்த செல்வி அழுதாள், சிரித்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள், பக்கத்தில் மாத்திரை அட்டை இல்லாததையும் பார்த்தாள்.

"மாத்திரைக்குப் பதிலா இதையா குடுத்துகினு இருந்தீங்க?"

பீரோவைத் திறந்தேன். அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் உடனே ஆட்டோ கூப்பிட்டாள்.

சோதித்துப் பார்த்த டாக்டர், புதிதாக ஒன்றும் ஆகவில்லை, உங்கள் அதிர்ஷ்டம் என்றார். கஷாயக் கதையைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், அதையெல்லாம் இன்னும் எலிக்குக் குடுத்துப் பாத்துகினு இருக்காங்க. உங்க மாமனார் எலியா?"

"இல்லீங்க" என்றேன். (பதில் வேறு!)

இப்போது மாமனார் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இன்வெர்ட்டர் வாங்கலாமா என்று நான் யோசனை சொன்னால்கூட, செல்வி ஒரு நூல் துண்டை எடுத்து அவரிடம் நீட்டுகிறாள். அவர் அவசரப்படுவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் நன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறார்.