நாலு பிராக்கெட்டும் ஒரு தேர்வுக் குழுவும்

உலகத்தில் துளை போட்டவர்கள் கோடிப் பேர். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரியாது. காரணம், அவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள். கையில் கிடைத்ததை எடுத்தார்கள், போட்டார்கள், போய்விட்டார்கள். நாகரிகம் துளை போடுவதில் இல்லை. துளை போடும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மரங்கொத்தியும்தான் துளை போடுகிறது. எந்த மரங்கொத்தியாவது இரண்டு அலகுகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதற்கும் விலைப்புள்ளி கேட்டதாகச் செய்தி உண்டா? இந்த ஒரு வேறுபாட்டினால்தான் மனிதன் மனிதனாக இருக்கிறான் என்று மனப்பூர்வமாக நம்பியவர் வேண்டாம் சார்.

அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பொது மருத்துவமனை ஒன்றில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பொருள் விற்க வருகிறவர்கள் "ஒரு டீ சாப்பிடலாமா சார்?" என்றால் "வேண்டாம்" என்பார். காலண்டரை நீட்டினால் "வேண்டாம்." கையெழுத்துப் போடுவதற்காக யாராவது பேனாவை நீட்டினாலும் "வேண்டாம்" என்றதால் சில கோப்புகள் கையெழுத்தாகாமலே முதுமை அடைந்தன. அவர் காலத்தில் அங்கே ஊழல் நடக்கவில்லை. கொள்முதலும் அவ்வளவாக நடக்கவில்லை. வழியனுப்பு விழாவில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நினைவுப் பரிசு கொடுத்தார்கள். வேண்டாம் என்றார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் துளை தேவைப்பட்டது.

அவர் மனைவி தையல்காரி. தையல் அறை மாடியில். கனமான அந்தத் தையல் மெஷின், மாடி அறையின் ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி உள்ளே இறக்கப்பட்டது; கீழே வருவதென்றால் ஜன்னல் மறுபடி போக வேண்டும். மழலையர் பள்ளி ஒன்றின் சீருடைகள் வெட்டியபடி, தைக்கப்படாமல் மேலே குவிந்து கிடந்தன. இந்த நேரம் பார்த்து அந்த அம்மாளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. "கைப்பிடி இல்லாம மாடிப்படி ஏறவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டு மாடிப்படிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் விதி.

"இதென்ன பெரிய விஷயம்" என்றார் வேண்டாம் சார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிடலாம்." எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொல்லவில்லை. பொறுப்பில் இருந்தவர்கள் அப்படியெல்லாம் வாக்குக் கொடுப்பதில்லை.

கைப்பிடிக்கான குழாய் வந்துவிட்டது. அதைச் சுவரில் தாங்குவதற்கு நாலு இரும்பு பிராக்கெட்டுகளும் வந்துவிட்டன. திருகாணி போக அவற்றில் துளை மட்டும் இல்லை.

"தெருமுனை வெல்டர்கிட்ட குடுத்தா போட்டுக் குடுத்துடுவாருங்க" என்றாள் மனைவி.

"மூணு பேர்கிட்ட விலை கேக்காம ஒருத்தர்கிட்டயே வேலைய ஒப்படைக்கறது முறையில்ல."

"தெருவுல இருக்கறதே ஒரு வெல்டர்தான்."

"அதான் பிரச்சினை."

ஆகவே, துளை வீட்டிலேயே போடப்படும் என்றும், அதற்காகக் கார் நிறுத்தும் கொட்டகை பட்டறையாக மாறும் என்றும், பட்டறைக்கு ட்ரில்லிங் மெஷின் ஒன்று வாங்கப்படும் என்றும் முடிவாயிற்று. கையில் பிடித்துச் சுவரைக் குடைகிற சாதாரண மெஷின் அல்ல. தூணில் நிமிர்ந்து நின்று, கீழே மேசையில் வைத்த இரும்பில் மேலிருந்து நேராக இறங்குகிற மெஷின். அதைத் தேர்ந்தெடுக்கக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. தலைவர் வேண்டாம் சார். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் மனைவியின் தம்பி, காப்பீடு விற்பவர். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரு அவரை மில்லிமீட்டர் என்று அழைத்தது.

முதல் கூட்டம் கொட்டகையில் கூடியது. கார் தெருவில் வெயிலில் நின்றது.

"முதல்ல தேவை என்னன்னு பாப்போம்" என்று தொடங்கினார் தலைவர்.

"நாலு பிராக்கெட். ஒண்ணுக்கு ரெண்டு ஓட்டை" என்று சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஓட்டை இல்லம்மா, துளை. தானா விழுந்தா ஓட்டை. திட்டம் போட்டுப் போட்டா துளை."

"ஏதோ ஒண்ணு. திருகாணி உள்ள போனா சரி."

"பயனாளியின் கருத்து கேட்கப்பட்டது" என்று தலைவர் அறிவித்தார். அது மறுபடி கேட்கப்படவில்லை.

மைத்துனர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அத்தான், இன்னிக்கு நாலு பிராக்கெட். நாளைக்கு?"

"நாளைக்கு என்ன?"

"அது நமக்குத் தெரியாதுல்ல. தெரியாததுக்குத்தானே தயாரா இருக்கணும். ஒருவேளை தண்டவாளத்துல துளை போட வேண்டி வந்தா?"

மில்லிமீட்டர் கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"நம்ம வீட்ல தண்டவாளம் இல்லையேப்பா" என்றார் மில்லிமீட்டர்.

"இல்லேன்னு நெனச்சு சின்ன மெஷினா வாங்கிட்டு, அப்புறம் வந்துட்டா என்ன சார் பண்ணுவீங்க?"

தண்டவாளம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வரக்கூடிய பொருள்தான் என்று குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. மெஷின் அந்த நிமிஷமே இரண்டு மடங்கு பெரிதாயிற்று.

"பெருசு சின்னது இல்ல முக்கியம்" என்றார் மில்லிமீட்டர். "ஆட்டம் எவ்வளவுன்னு பாக்கணும். சுத்தும்போது முனை ஒரு தலைமுடி அளவு ஆடினாலும் துளை வட்டமா விழாது."

"திருகாணி உள்ள போனா சரிங்கறேன்" என்றது ஜன்னல்.

"அக்கா, இங்க தொழில்நுட்பம் பேசிட்டு இருக்கோம்."

அடுத்த கட்டமாகக் கள ஆய்வு. மூவரும் பிராக்கெட்டுகளை ஒரு பையில் போட்டு, மாதிரிக்காக எடுத்துக்கொண்டு, இயந்திரக் கடைக்குப் போனார்கள். காதில் பென்சில் செருகிய கடைக்காரர் எழுந்து வந்தார்.

"என்ன வேலைக்கு சார் மெஷின்?"

"எல்லா வேலைக்கும்" என்றார் மைத்துனர்.

"சரி. முதல்ல என்ன வேலை?"

"மாடிப்படிக் கைப்பிடி" என்றார் வேண்டாம் சார், சற்றுத் தாழ்ந்த குரலில். "வீட்டுல அவங்களுக்கு முட்டியில ஆபரேஷன்."

கடைக்காரர் ஒரு மெஷினைக் காட்டினார். மேசையில் இரும்புத் துண்டை இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கைப்பிடிச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். இரும்பு சுருள் சுருளாக மேலே வந்தது. மில்லிமீட்டர் துண்டை வாங்கித் துளையில் கண்ணை வைத்தார். மறுபக்கம் கடைக்காரரின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"வட்டமாத்தான் இருக்கு" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"பையில இருக்கறது பிராக்கெட்டா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். "குடுங்க, டீ சொல்லியிருக்கேன், அது ஆறறதுக்குள்ள போட்டுடறேன். மெஷின் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். அம்மா கஷ்டப்படறாங்கன்னு சொல்றீங்க."

வேண்டாம் சாரின் கை பையோடு முதுகுக்குப் பின்னால் போனது.

"இலவசமாவா?"

"இதுக்கு என்ன சார் காசு வாங்கறது?"

"தேர்வு நடந்துக்கிட்டு இருக்கற நேரத்துல, தேர்வுல கலந்துக்கற கடையிலேருந்து, துளைய..." அந்த வாக்கியம் தன் கனம் தாங்காமல் நடுவிலேயே நின்றது.

"அப்ப காசு குடுத்துடுங்க சார்."

"விலைப்புள்ளி இல்லாமலா?"

மூவரும் வெளியே வந்தார்கள். உள்ளே அவர்களுக்காக வந்த டீ மூன்று கோப்பைகளில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"நூலிழையில தப்பிச்சோம் அத்தான்" என்றார் மைத்துனர், வண்டியில் ஏறி உட்கார்ந்ததும். பரிசு கொடுத்து மனத்தைக் கலைக்க முயன்ற குற்றத்துக்காக அந்தக் கடை தேர்விலிருந்து நீக்கப்பட்டது. கடையோடு அந்த மெஷினும் போயிற்று. வட்டமாகத் துளை போட்டதாக அதுவரை நிரூபணமான மெஷின் அது ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் நேர்மைக்கு முன்னால் வட்டம் எம்மாத்திரம்?

கடையில் நடந்ததை வேண்டாம் சார் வீட்டில் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. சம்மதிக்கிற மௌனம் உண்டு, சண்டை போடுகிற மௌனம் உண்டு. இரண்டும் அவருக்கு வருஷக்கணக்கில் பழக்கம். இது இரண்டிலும் சேரவில்லை. நூல் கோக்காத மெஷின் போல, உள்ளே எதுவோ ஓடுகிறது, துணியில் தையல் விழவில்லை. அந்த மௌனத்தின் எதிரில் அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, குழுவைப் பாராட்டுகிறாள் என்று முடிவு செய்துகொண்டார்.

அப்போது பள்ளித் தலைமை ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். "பள்ளிக்கூடம் திறக்கப் போகுதேம்மா. முடியலேன்னா சொல்லிடுங்க. துணிய வாங்கி வேற இடத்துல குடுத்துடறேன்."

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். வீட்டுல மெஷின் பாத்துட்டு இருக்காரு."

"ஏன், உங்க தையல் மெஷினுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. அது மேல இருக்கு, நான் கீழ இருக்கேன்."

இதைக் கேட்ட வேண்டாம் சாருக்கு நெஞ்சு இளகிவிட்டது. காரியத்தை இனித் துரிதப்படுத்த வேண்டும் என்று உறுதி பூண்டார். துரிதப்படுத்துவதற்காக, பக்கத்து நகரத்தில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிக்குக் குழுவை அழைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே புறப்பட்டார். பிராக்கெட்டுப் பையை மட்டும் வீட்டிலேயே வைத்தார். கண்காட்சியில் எத்தனை கடைக்காரர்களோ, எவன் எந்த நேரத்தில் துளை போட்டுவிடுவானோ, யார் கண்டது?

"இன்னிக்கு வரும்போது முடிவோட வருவீங்களா?" என்று வாசலில் கேட்டாள் மனைவி.

"பதறாத காரியம் சிதறாதும்மா."

"காரியமே இல்லேன்னா எப்படிங்க சிதறும்?"

அவர் வண்டியைக் கிளப்பினார்.

கண்காட்சி அருமையாக இருந்தது. பெல்ட் மாற்றி வேகம் மாற்றும் மெஷின், பல்சக்கரத்தில் ஓடும் மெஷின், துளை விழப்போகிற இடத்தை முன்கூட்டியே சிவப்பு ஒளிப்புள்ளியால் காட்டும் மெஷின் என்று கண்டார்கள். அந்தச் சிவப்புப் புள்ளியின் முன்னால் மில்லிமீட்டர் கண் கலங்கி நின்றார். இளமையில் இது கிடைத்திருந்தால் வாழ்க்கையே வேறு திசையில் போயிருக்கும் என்றார். தண்டவாளம் தாங்குமா என்று மைத்துனர் ஒவ்வொரு கடையிலும் கேட்டார். ஒரு கடையில் "எந்த ரயில்வேயிலேருந்து வர்றீங்க?" என்று எழுந்து நின்றார்கள். மாலையில் குழு ஒரு திட்டவட்டமான முடிவுக்கு வந்தது. எந்த மெஷினாக இருந்தாலும் அது நிற்கப்போகும் தரை மட்டமாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் கொட்டகைத் தரையை ஆராய வேண்டும். இவ்வளவு தெளிவு கிடைத்த பிறகு மெஷின் எதற்கு? வழி முழுக்க மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடிப்படிச் சுவரோடு சுவராகக் குழாய் ஏறிப் போயிற்று. நாலு பிராக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு திருகாணிகள். மில்லிமீட்டர் ஓடிப் போய்க் குழாயில் கன்னத்தை ஒட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"கோணலா?" என்று நம்பிக்கையோடு கேட்டார் மைத்துனர்.

"இல்ல" என்றார் மில்லிமீட்டர்.

வேண்டாம் சார் படியின் அடியில் நின்று குரல் கொடுத்தார். "யாரு போட்டா?"

சத்தம் நின்றது. "கடைக்காரரு."

"எந்தக் கடைக்காரரு?"

"நீக்கப்பட்டவரு."

"நீ எப்படி அங்க போன?"

"வாடகை வண்டி கூப்பிட்டுப் போனேங்க. பைய மடியில வெச்சுக்கிட்டு. மதியம் அவரே வந்து மாட்டியும் குடுத்துட்டாரு."

"காசு?"

"வாங்க மாட்டேன்னுட்டாரு. அவரு கடை மெஷினுக்கெல்லாம் தூசி படாம உறை தைச்சுத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அத்தான், இது கையூட்டு" என்றார் மைத்துனர்.

"பண்டமாற்று" என்று திருத்தினார் மில்லிமீட்டர். அளவு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

வேண்டாம் சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "விசாரணை முடியற வரைக்கும் இந்தக் கைப்பிடிய யாரும் பயன்படுத்தக் கூடாது."

"சரிங்க" என்றது மாடி. "அப்ப நான் கீழ வர முடியாது. ராத்திரிச் சாப்பாட்ட நீங்க மூணு பேரும் பாத்துக்கோங்க."

மில்லிமீட்டருக்குத் தன் வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. மைத்துனருக்கு யாரோ காப்பீடு கேட்டுக் காத்திருந்தார்கள். விசாரணையைத் தலைவர் ஒருவரே நடத்துவது என்றும், மாடியிலேயே நடத்துவது என்றும் தீர்மானமாயிற்று. அவர் ஏறினார். பாதிப் படியில் மூச்சு வாங்கியபோது அவர் கை குழாயைப் பற்றியிருந்தது. விசாரணைக்கு உட்பட்ட பொருளைத் தொட்டுப் பரிசோதிப்பது முறைதான். கடைசிப் படி வரை விடாமல் பரிசோதித்தார்.

அறையில் அவள் சின்னச் சின்னச் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அறுவை சிகிச்சை செய்த காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"இத்தனை வருஷ வேலையில யாருகிட்டயும் ஒரு குண்டூசி வாங்கினதில்ல நான்" என்றார். "என் வீட்டுலயே இப்படின்னா..."

"தெரியுங்க. ஊரே சொல்லுது. நானும் எல்லார்கிட்டயும் பெருமையாத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்து, மற்றவற்றின் மேல் வைத்து, கையால் நீவிவிட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு தோணுதுங்க" என்றாள் பிறகு. "எனக்கு நடக்க முடியலேன்னாலும், நீங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்து கடைக்குப் போயிட்டேன். உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க என்னங்க பண்ணாங்க?"